நிறம் மாறும் ஃப்ளோரைட்: ரோஜர்லி வாங்குவதா, பிங்காம் வாங்குவதா?

வெயிலில் பிடித்தால் பச்சை நீலமாகிறது என்று ஒருவர் ஃப்ளோரைட் என்ற கனிமப் படிகத்தை வாங்குகிறார். குண்டு பல்பின் கீழ் நீலம் ஊதாவாகிறது என்று இன்னொருவர் வாங்குகிறார். இரண்டு அட்டையிலும் விற்பவர் எழுதியிருப்பது "நிறம் மாறும் ஃப்ளோரைட்" என்றுதான். ஆனால் இரண்டிலும் நடப்பது வேறு. முதல் கல், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு தானே நீலமாக ஒளிர்கிறது. இரண்டாவது கல் ஒளிர்வதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடுகிறது. அந்த மீதி என்ன நிறம் என்பது விளக்குக்கு விளக்கு மாறும். முதல் வகைக்குப் பேர்போனது இங்கிலாந்தின் ரோஜர்லி சுரங்கம். இரண்டாம் வகைக்குச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் இடம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் பிங்காம் பகுதி.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? விலை, அழகு, அரிதாகக் கிடைப்பது என்று எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் அலமாரியில் என்ன வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவது வெள்ளை எல்இடி. சாதாரண வெள்ளை எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. அதன் கீழ் ரோஜர்லி எந்நேரமும் பச்சைதான். கூல் ஒயிட் எல்இடி மட்டும் எரியும் அறையில் பிங்காமும் எந்நேரமும் நீலம்தான். எதை வாங்கினாலும் வெளிச்சத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும். எந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் நடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரோஜர்லி: வீட்டுக்குள் பச்சை, வெளியே நீலம்

வட இங்கிலாந்தின் டர்ஹாம் கவுண்டியில், வியர்டேல் பள்ளத்தாக்கில், ஃப்ராஸ்டர்லி ஊரருகே பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றின் சுவரில் இந்தச் சுரங்கம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் லிண்ட்சே கிரீன்பேங்க், மிக் சட்கிளிஃப் என்ற இரு சேகரிப்பாளர்கள் அங்கே பச்சை ஃப்ளோரைட்டைக் கண்டு தோண்டத் தொடங்கினார்கள். வியர்டேலின் மற்றச் சுரங்கங்கள் ஈயத்துக்காகவும் தொழிற்சாலைக்கான ஃப்ளோர்ஸ்பாருக்காகவும் (ஃப்ளோரைட்டின் வணிகப் பெயர்) வெட்டப்பட்டவை. ரோஜர்லி சேகரிப்பாளர்களுக்கான படிகங்களை எடுப்பதற்காகவே நடத்தப்பட்டது. 1999 முதல் யுகே மைனிங் வென்ச்சர்ஸ் ஆண்டுதோறும் கோடை மாதங்களில் அதை வெட்டியது. பின்னர் அது கைமாறி, அதே குவாரியில் டயானா மரியா என்ற புதுச் சுரங்கமும் திறக்கப்பட்டது. அது திறந்தபின் சந்தைக்குப் புதிதாக வந்தவற்றில் பெரும்பங்கு டயானா மரியாவுடையது. நிறமாற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை.

பச்சைக்குக் காரணம் படிகத்தில் கலந்துள்ள இரட்டை நேர்மின்னூட்டச் சமேரியம் என்ற தனிமம். அது சிவப்புப் பகுதியை விழுங்குவதால் கல் பச்சையாகத் தெரிகிறது. நீலத்துக்குக் காரணம் இரட்டை நேர்மின்னூட்ட யூரோப்பியம் என்ற இன்னொரு தனிமம். அது புற ஊதாவை வாங்கி 425 நானோமீட்டரை ஒட்டிய நீல-ஊதா ஒளியைத் தருகிறது. யூரோப்பியம் சேர்த்துச் செயற்கையாக வளர்த்த கால்சியம் ஃப்ளோரைடு படிகத்தைக் கதிரியக்கம் அளக்கும் கருவிகளில் பயன்படுத்துவதும் இதே ஒளிர்வை நம்பித்தான். உலகில் பல ஊர்களின் ஃப்ளோரைட் புற ஊதா டார்ச்சின் கீழ் நீலமாக ஒளிரும். பகல் வெளிச்சத்தில் உள்ள கொஞ்சப் புற ஊதாவுக்கே கண்ணுக்குத் தெரியும்படி ஒளிர்வது மிகச் சிலவே. வியர்டேலுக்கு அண்டையிலுள்ள ஆல்ஸ்டன் மூரின் பச்சைக் கல்லில் இந்த நீலத்தைக் கண்டுதான் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் தம் புகழ்பெற்ற ஒளிர்வு ஆய்வில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வகையை மிகச் சிறப்பாகக் காட்டும் இடம் கொளுத்தும் நேர்வெயில் அல்ல, திறந்த வானத்தின் கீழுள்ள நிழல். நேர்வெயிலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஏராளமாக இருப்பதால் பச்சையும் சேர்ந்து ஒளிர்வை அமுக்கும். வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சத்தில் புற ஊதாவின் விகிதம் கூடுதல். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துப் பாருங்கள். படிகத்தின் விளிம்புகளும் முனைகளும் முதலில் நீலமாகும், பிறகு உள்ளே ஒரு பால்நீலம் படர்ந்தது போலிருக்கும். மேகமூட்டமான நாளிலும் இது நன்றாகவே தெரியும்.

வீட்டு ஜன்னலின் சாதாரண ஒற்றைக் கண்ணாடி நீண்ட அலைப் புற ஊதாவைப் பெருமளவு உள்ளே விடும். எனவே ஜன்னலோரத்திலும் மாற்றம் கிடைக்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விடாது. சன் கண்ட்ரோல் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும் விடாது. அக்ரிலிக் பெட்டிகளில் பலவற்றில் புற ஊதா தடுப்பி கலந்திருக்கும். "வாங்கியபோது மாறியது, பெட்டியில் வைத்ததும் மாறவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பெட்டிதான்.

அடுத்து, வெளிறும் அபாயம். ரோஜர்லியின் பச்சை நிலையானதல்ல. நீண்டநாள் வெயில் பட்டால் பச்சை குறைந்து, கல் சாம்பல் பூத்த வெளிர் நிறத்துக்கு இறங்கும். புற ஊதா, சமேரியத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து மூன்று மின்னூட்ட நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அந்த நிலையில் அதற்குப் பச்சை தரும் ஆற்றல் இல்லை என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். யூரோப்பியத்தின் நீல ஒளிர்வு அதன் பிறகும் இருக்கும், ஆனால் பச்சையே போனபின் எதிலிருந்து எதற்கு மாறுவது? நிறமாற்றத்தைக் காட்டும் அதே வெயில்தான் கல்லின் நிறத்தையும் தின்கிறது. ஆகவே சில நிமிடங்கள் வெளியே காட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். ஜன்னலோரத்தில் நிரந்தரமாக வைப்பது, கல்லை மெல்ல மெல்ல அழிப்பதற்குச் சமம். இந்த ஒரு கட்டுப்பாடு முடியாதென்றால் ரோஜர்லி வேண்டாம்.

ஹைட்ஸ் சுரங்கம், ஈஸ்ட்கேட் குவாரி போன்ற வியர்டேலின் மற்ற இடங்களின் பச்சைக் கற்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃப்ரேசர்ஸ் ஹஷ் போன்ற சுரங்கங்களின் ஊதாக் கற்கள் டார்ச்சின் கீழ் அருமையாக ஒளிரும். உடல் நிறமே ஊதா என்பதால் பகலில் மாற்றம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. வியர்டேல் என்ற பெயரை மட்டும் பார்த்து நிறமாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

பிங்காம்: பகலில் நீலம், குண்டு பல்பில் ஊதா

நியூ மெக்சிகோவின் சோகோரோ கவுண்டியில், ஹான்சன்பர்க் சுரங்கப் பகுதியில் பிளான்சர்டு முதலான சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே ஃப்ளோரைட் கனசதுரப் படிகமாக, காலீனா, பேரைட், குவார்ட்ஸ் ஆகிய கனிமங்களோடு சேர்ந்து வருகிறது. சில துண்டுகளில் பளீர் நீலமான லினரைட் என்ற கனிமமும் இருக்கும். அந்தச் சேர்க்கைக்காகவே வாங்குபவர்கள் உண்டு.

இவ்வகை நீல ஃப்ளோரைட்டில் இட்ரியம் என்ற தனிமத்தை ஒட்டிய நிறமையங்கள் (ஒளியை விழுங்கும் படிகக் குறைகள்) மஞ்சள் பகுதியை, அதாவது 580 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை, விழுங்குகின்றன. ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் தப்பி வெளியே வருகின்றன. பகல் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருப்பதால் கல் நீலமாகிறது. குண்டு பல்பில் சிவப்பு தூக்கல், நீலம் சொற்பம். அதனால் கல் ஊதாவுக்குப் போகிறது. அலெக்சாண்ட்ரைட் கல்லில் நடப்பதும் இதே வழியில்தான், அங்கே காரணமான தனிமம் குரோமியம்.

இதில் புற ஊதாவுக்கு வேலையே இல்லை. கண்ணாடிப் பெட்டி, அக்ரிலிக் பெட்டி, லேமினேட்டட் கண்ணாடி எதற்குள் வைத்தாலும் மாறும். இரவிலும் ஒரு சுவிட்ச்சைத் தட்டி மாற்றலாம். வீட்டுக்கு வருபவர்களிடம் காட்ட இதுவே வசதி. ரோஜர்லிப் பச்சை அளவுக்கு வெளிறும் என்ற கெட்ட பெயரும் பிங்காமுக்கு இல்லை. என்றாலும் எந்த ஃப்ளோரைட்டையும் நேர்வெயிலில் நிரந்தரமாக வைப்பது நல்லதல்ல.

குறை எங்கே என்றால், மாற்றம் மென்மையானது. பச்சையிலிருந்து நீலத்துக்குத் தாவும் ரோஜர்லியோடு ஒப்பிட்டால், நீலத்திலிருந்து ஊதாவுக்கு நகர்வது பக்கத்து நிறத்துக்கு நகர்வதுதான். துண்டுக்குத் துண்டு அளவும் மாறும். வெளிர்நீலக் கல்லில் ஒளி விழுங்கப்படுவது குறைவு, மாற்றமும் சொற்பம். மிகத் தடித்த, கருத்த கல்லில் எந்த விளக்கிலும் வெளிச்சம் ஊடுருவாமல் ஒரே இருட்டாக இருக்கும். பின்னாலிருந்து விளக்கு பிடித்தால் வெளிச்சம் தெளிவாகக் கடந்து வரும் நடுத்தர நீலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க

அட்டையில் எழுதியதை நம்ப வேண்டாம். ஒரு சோதனை போதும். பட்டறைகளில் போடும் நிறமற்ற பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, இல்லையென்றால் யுவி 400 என்று குறித்த நிறமற்ற மூக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே புற ஊதாவைத் தடுத்து மற்ற வெளிச்சத்தை விடும். கல்லை நேர்வெயிலில் கறுப்புத் துணியின் மேல் வைத்து, கண்ணாடியின் நிழல் கல்லின் பாதியை மறைக்கும்படி அருகில் பிடியுங்கள். மறைந்த பாதி பச்சைக்குத் திரும்பி, மறையாத பாதி நீலமாகவே நின்றால் அது ஒளிர்வு வகை, ரோஜர்லி வழி. இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருந்தால் விழுங்கும் வகை, பிங்காம் வழி. இல்லை, மாறவே மாறாத கல். இந்தச் சோதனையை நிழலில் செய்யக் கூடாது. அங்கே வெளிச்சம் நாலாபுறத்திலிருந்தும் வருவதால் புற ஊதா பக்கவாட்டில் நுழைந்து முடிவைக் குழப்பும்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்து நீலமாக ஒளிர்கிறது என்று காட்டுவது நிறமாற்றத்துக்குச் சான்றல்ல. டார்ச்சுக்கு ஒளிரும் ஃப்ளோரைட் எத்தனையோ, பகலில் அவை அப்படியே இருக்கும். விற்பவர் அனுப்பும் படங்களில் ஒன்று பச்சை, ஒன்று மின்னும் நீலம் என்றிருந்தால், இரண்டாவது படம் பகலில் எடுத்ததா, டார்ச்சில் எடுத்ததா என்று கேளுங்கள். பின்னணி கறுப்பாகவும் கல் மட்டும் தானே எரிவதுபோலவும் இருந்தால் அது டார்ச் படம்.

பிங்காம் வகைக்குப் படம் கேட்கும்போது வேறொரு சிக்கல். கைபேசிக் கேமரா, வெளிச்சத்தின் மஞ்சளைச் சரிசெய்யும் வேகத்தில் கல்லின் மாற்றத்தையும் சேர்த்து மழுப்பிவிடும், இல்லையென்றால் இல்லாத மாற்றத்தை உண்டாக்கிவிடும். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு படத்திலும் தாள் வெள்ளையாகத் தெரிந்து, கல் மட்டும் மாறியிருந்தால் நம்பலாம். தாளும் ஆரஞ்சாகியிருந்தால் அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தாளோடு எடுத்த காணொளி இன்னும் நல்லது.

மற்றத் தெரிவுகள்

சீனாவின் ஹூனான் மாகாணத்து யாவோகாங்சியன் டங்ஸ்டன் சுரங்கத்திலிருந்து வரும் ஃப்ளோரைட்டில் சில துண்டுகள் பிங்காம் வழியில் நீலம்-ஊதாவாக மாறும். குவார்ட்ஸ், ஆர்சனோபைரைட், மஸ்கோவைட் ஆகியவற்றோடு வருவதால் துண்டு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், படிகங்களின் பளபளப்பும் உயர்வு. அங்கிருந்து வருவதெல்லாம் மாறும் என்று எண்ணக் கூடாது. காணொளி பார்த்துத் துண்டைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பிங்காமுக்கு நல்ல மாற்று இது. ஆர்சனோபைரைட்டில் ஆர்சனிக் உண்டு. கையில் எடுத்தால் கை கழுவுங்கள், அதைச் சூடாக்கவோ உரசவோ வேண்டாம்.

பட்டை தீட்டிய நிறமாற்ற ஃப்ளோரைட்டும் கிடைக்கிறது. மோஸ் அளவில் கடினம் 4 மட்டுமே. வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளே அதைக் கீறும். மோதிரத்தில் வைக்கவே கூடாது. ஒளிவிலகல் எண் 1.434 என்பதால் மினுமினுப்பும் குறைவு. நிறமாற்றத்தை மட்டும் சுத்தமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு, அதுவும் விரிசலில்லாத கல்லாக இருந்தால், இது சரி. படிகச் சேகரிப்பாளருக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இயற்கை முகங்களும் விளிம்புகளும் போனபின் ஊரின் அடையாளமும் போய்விடுகிறது.

குளோரோஃபேன் என்ற பெயரிலும் சில கற்கள் "நிறம் மாறுவன" என்று வரும். அவை சூட்டில் ஒளிர்பவை. ஒருமுறை சூடாக்கினால் சேமித்திருந்த ஒளி வெளியேறிவிடும், மறுமுறை அதே அளவுக்கு வராது. நிறமாற்றக் கல் தேடுபவருக்கு அது வேறு துறை.

கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது

ரோஜர்லியின் அடையாளம் ஊடுருவிய இரட்டைப் படிகம். இரண்டு கனசதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒன்றின் முனைகள் மற்றதன் முகங்களில் முக்கோணமாகத் துருத்தி நிற்கும். இந்தத் துருத்திய முனைகள்தான் முதலில் உடைபவை. ஃப்ளோரைட் எண்முகத்தின் நான்கு திசைகளிலும் சுத்தமாகப் பிளக்கும். ஒரு கனசதுரத்தின் முனை போனால் அந்த இடத்தில் சமபக்க முக்கோணத் தளம் ஒன்று வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை (சிறு பூதக்கண்ணாடி) வைத்து ஒவ்வொரு முனையையும் பாருங்கள். முக்கோணம் கண்ணாடிபோல் மின்னி, அதில் படிக்கட்டுபோன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது உடைவு. இயற்கையாக வளர்ந்த எண்முகத் தளம் பெரும்பாலும் சற்று மங்கி, சொரசொரப்பாக இருக்கும். முன்பக்கத்து முனைகள் முழுதாக இருப்பது விலையை ஏற்றும். பின்பக்கத்து உடைவை ஏற்றுக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

"ரோஜர்லி எண்முகப் படிகம்" என்று யாராவது விற்றால், அது அநேகமாக உடைந்த கல்லைப் பிளவுத் தளங்களில் தட்டி வடித்தது. கெட்ட பொருளல்ல, நிறமும் மாறும். படிக விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஒட்டு வேலையைப் பிடிக்கச் சேகரிப்பாளர்கள் வழக்கமாகப் புற ஊதா டார்ச்சை நம்புகிறார்கள். எபாக்ஸி பசை அதில் வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ மின்னும். ரோஜர்லியில் இந்த வழி ஏமாற்றும், ஏனென்றால் கல்லே கண்ணைக் கூசும் நீலமாக ஒளிரும்போது பசையின் ஒளிர்வு அதில் மூழ்கிவிடும். அங்கே டார்ச்சை அணைத்துவிட்டு, சாதாரண விளக்கைச் சாய்வாகப் பிடித்து, படிகம் தாய்ப்பாறையை (அது வளர்ந்த அடிக்கல்லை) தொடும் கோட்டை லூப்பில் பாருங்கள். குமிழிகள், விளிம்பில் வழிந்து இறுகிய பளபளப்பு, இடுக்கில் தூசி சேராத சுத்தமான இழை, இவை பசையைக் காட்டிக்கொடுக்கும். தாய்ப்பாறை வரையில் டார்ச் பயன்படும். பிங்காமில் படிகத்தின் ஒளிர்வு அவ்வளவு வலுவில்லாததால் டார்ச் சோதனை நேரடியாகவே பலன் தரும்.

உள்ளே வானவில் போலத் தெறிக்கும் தகடுகள் தெரிந்தால் அவை பிளவு விரிசல்கள். விரிசலை மறைக்க எண்ணெய் பூசுவதும் உண்டு. பஞ்சு முனையில் அசிட்டோன் தொட்டு, கண்ணுக்குப் படாத மூலையில் ஒற்றி எடுங்கள். பளபளப்பு மங்கினாலோ பஞ்சில் பிசுக்கு வந்தாலோ பூச்சு இருக்கிறது. விற்பவர் அனுமதித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒட்டிய இடத்தில் அசிட்டோன் பட்டால் பசையும் இளகலாம்.

அலமாரி விளக்கு

ரோஜர்லிக்கு: அன்றாட வெளிச்சமாக 3000 முதல் 4000 கெல்வின் வரையிலான எல்இடி (கெல்வின் எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் நீலம்). அதில் பச்சை இதமாகத் தெரியும், வெளிறும் அச்சமும் குறைவு. நிறம் மாற்றிக் காட்டத் தனி சுவிட்ச்சில் ஒரு 365 நானோமீட்டர் விளக்கு. 395 என்று குறித்த மலிவு விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் ஊதாவையும் சேர்த்துக் கொட்டும். கல் ஒளிர்கிறதா, ஊதா வெளிச்சம் பட்டு மின்னுகிறதா என்று பிரிக்க முடியாது. 365 விளக்கிலும் ஒரு கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி, சந்தையில் இசட்டபிள்யூபி 2 என்று கிடைப்பது, மாட்டினால்தான் நீலம் தூய்மையாகத் தெரியும். அந்த விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. அலமாரிக் கண்ணாடி 365ஐப் பெருமளவு வெளியே விடும் என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் விளக்கைக் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். சில "முழு நிறமாலை" எல்இடிகள் நீலச் சில்லுக்குப் பதில் ஊதாச் சில்லு கொண்டவை. அவற்றின் கீழ் ரோஜர்லி சற்றே நீலம் கலந்து, பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் நிற்கும். அந்த விளக்கு வேண்டாம்.

பிங்காமுக்கு: இரண்டு வரிசை எல்இடி, ஒன்று 2700 கெல்வின், மற்றது 6500 கெல்வின், இரண்டும் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல். சிஆர்ஐ 80 உள்ள மஞ்சள் எல்இடியில் அடர்சிவப்பு பற்றாக்குறை; ஊதா எழாமல் கல் அழுக்கு நீலமாக நிற்கும். பழைய குண்டு பல்போ ஹாலஜனோ தரும் ஊதாவை எந்த எல்இடியும் முழுதாகத் தருவதில்லை. ஆனால் ஹாலஜனை மூடிய அலமாரிக்குள் பொருத்தக் கூடாது. ஃப்ளோரைட் சூட்டில் சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் பிளவுத் தளத்தில் விரிசல் ஓடும். வெளியே, ஒரு முழத் தூரத்தில் மேசை விளக்காக வைத்துச் சிறிது நேரம் காட்டுங்கள்.

இரண்டு கல்லும் நாளின் பெரும்பகுதி மாறாமல்தான் இருக்கப்போகின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாறாத நேரத்தில் எது உங்களுக்குப் பிடிக்கிறது? நல்ல ரோஜர்லி, மாறவே மாறாவிட்டாலும், அதன் இரட்டைப் படிகத்துக்காகவே பார்த்துக்கொண்டிருக்கத் தகுந்தது. பிங்காமின் வெளிர்நீலக் கனசதுரம் அடக்கமான அழகு. லினரைட்டோ காலீனாவோ பக்கத்தில் இருந்தால் அது தூக்கிக் கொடுக்கும். மாடியோ பால்கனியோ இருந்து, கல்லை இருட்டான இழுப்பறையில் வைத்து எடுத்துக் காட்டும் பழக்கம் உள்ளவருக்கு எங்கள் தேர்வு ரோஜர்லி. கல் எப்போதும் விளக்குக்கடியில், வெளியில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பவருக்கு பிங்காம், அல்லது நன்றாக மாறும் யாவோகாங்சியன். வாடகை வீட்டில் அலமாரி விளக்கில் கைவைக்க முடியாது, கல்லை வெளியே எடுக்கவும் தயக்கம் என்றால் இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். அதே பணத்தில் நிறம் மாறாத நல்ல ஃப்ளோரைட் ஒன்று வாங்குவது மேல்.

வந்து சேர்ந்தபின்

பார்சலைப் பிரித்ததும் கல்லை வெளியே எடுக்க வேண்டாம். குளிரூட்டிய அறைக்கும் வெயிலில் வந்த பெட்டிக்கும் வெப்ப வேறுபாடு பெரிது. பெட்டிக்குள்ளேயே சில மணி நேரம் ஆறவிடுங்கள். கழுவ வேண்டுமென்றால் அறை வெப்பத்துக் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி. சுடுதண்ணீரும் அல்ட்ராசோனிக் தொட்டியும் கூடவே கூடாது. லினரைட் உள்ள பிங்காம் துண்டைத் தேய்க்கவே வேண்டாம், ஊதுகுமிழால் தூசியை ஊதினால் போதும்.

எந்தக் காரணத்துக்கும் கந்தக அமிலம் ஃப்ளோரைட்டின் மேல் படக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உண்டாகும். தோலில் பட்டால் எலும்புவரை போகும் நஞ்சு அது. கழிவறை, சாக்கடை அடைப்பு நீக்கும் சில திரவங்களில் கந்தக அமிலம் இருக்கிறது என்பதால் "பாத்ரூம் ஆசிடில் போட்டால் பளிச்சென்று வரும்" என்ற யோசனையைக் காதில் வாங்காதீர்கள். ரோஜர்லியின் சுண்ணாம்புத் தாய்ப்பாறை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்து, படிகம் கழன்று விழக்கூடும்.

துருக்கறை தொந்தரவு செய்தால் வாலர் கரைசல் என்று அருங்காட்சியகங்களில் பயன்படும் கலவை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 70 கிராம் சோடியம் சிட்ரேட், 8.5 கிராம் சோடியம் பைகார்பனேட். பயன்படுத்தும் வேளையில் 20 கிராம் சோடியம் டைதயோனைட். கந்தக நெடி வரும், மொட்டை மாடியிலோ திறந்த இடத்திலோதான் செய்ய வேண்டும். ஒரு நாள் ஊறவைத்து, பிறகு தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவிட்டு உப்பை வெளியேற்ற வேண்டும். காலீனா ஒட்டிய துண்டென்றால் முதலில் மதிப்பில்லாத ஒரு சில்லில் முயன்று பாருங்கள்.

மேடையில் நிறுத்த மினரல் டாக் என்ற ஒட்டும் பசைக்களி வைக்கும்போது தாய்ப்பாறையின் அடியில், குறைந்த அளவே வையுங்கள். அதன் எண்ணெய் சுண்ணாம்புக்கல்லில் ஊறிக் கறையாகும். விற்பவர் தந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ரோஜர்லியில் பிளாக் ஷீப், ஜுவல் பாக்ஸ் என்று படிகப் பொந்துகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பொந்தின் பெயரும் எடுத்த ஆண்டும் அட்டையில் இருந்தால் மறுவிற்பனையில் மதிப்புண்டு. வாங்கிய அன்றே வெள்ளைத் தாளோடு எல்இடியில் ஒரு படம் எடுத்து, விளக்கின் கெல்வின் எண்ணைக் குறித்து, அட்டையோடு வையுங்கள். ஆண்டுக்கொரு முறை அதே விளக்கில் அதே தாளோடு மறுபடி எடுத்து ஒப்பிட்டால், பச்சை வெளிறத் தொடங்கியிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே படத்தில் தெரிந்துவிடும்.